வரி மட்டும் போட்டால் போதாது, காய்கறி விலையும் இறங்கணும்

சர்க்கரை வரி என்று பேச்செடுத்தாலே, "நான் என்ன குடிக்கணும்னு அரசாங்கமா முடிவு பண்றது?" என்று சிலர் கோபப்படுகிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் அந்த முடிவை விலை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கையில் இருக்கிற காசுக்குள் பிள்ளைகள் வயிறு நிறையணும் என்றால், பழத்தை வைத்துவிட்டு பிஸ்கட் பாக்கெட்டை எடுக்கிற அம்மாவை யார் குறை சொல்ல முடியும்?

விலையை மாற்றினால் பழக்கமும் மாறும் என்பதை மெக்சிகோவில் பார்த்தாயிற்று. 2014-இல் சர்க்கரை பானங்களுக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி போட்டார்கள். முதல் ஆண்டிலேயே அவற்றை வாங்குவது சராசரியாக 6 சதவீதம் குறைந்தது. ஏழை வீடுகளில் அதைவிட அதிகம்.

எனக்கு இன்னும் பிடித்தது பிரிட்டன் செய்தது. அங்கே வரி தயாரிப்பாளர் மேல், அதுவும் சர்க்கரை அளவைப் பார்த்து. 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே என்றால் வரியே கிடையாது. 8 கிராமைத் தொட்டால், வரி தொடங்கியபோது லிட்டருக்கு 24 பென்ஸ். 2016-இல் அறிவித்துவிட்டு 2018 ஏப்ரலில்தான் அமல்படுத்தினார்கள். அந்த இரண்டு வருட அவகாசத்தில் பல நிறுவனங்கள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. குடிக்கிறவர் எதையும் மாற்றாமலே உள்ளே போகும் சர்க்கரை குறைந்தது. (பதிலுக்குச் செயற்கை இனிப்பைச் சேர்த்தது தனிக் கவலை.)

டென்மார்க்கில் இது எடுபடவில்லை. 2011-இல் வந்த கொழுப்பு வரி வெண்ணெய், சீஸ், இறைச்சி என்று அன்றாடச் சாமான்கள் மேலேயே விழுந்தது. மக்கள் எல்லை தாண்டிப் போய் வாங்கினார்கள். 2013 தொடக்கத்திலேயே வரியை எடுத்துவிட்டார்கள்.

ஒன்றை விலை ஏற்றினால் இன்னொன்றை இறக்கவும் வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2011-12-இல் ஒரு சோதனை நடந்தது. அரசின் உணவு உதவி பெறும் குடும்பங்கள் பழம், காய்கறிக்குச் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தச் சலுகை கிடைக்காதவர்களைவிட இவர்கள் சுமார் 26 சதவீதம் அதிகமாகப் பழமும் காய்கறியும் சாப்பிட்டார்கள். யாரும் அறிவுரை சொல்லி இதைச் சாதிக்கவில்லை, விலைதான் செய்தது.

வரி ஏழைகளைத்தான் அடிக்கும் என்பவர்களுக்கு என் பதிலும் இதுதான். வசூலாகிற பணம் பொதுக் கஜானாவில் கரைந்துபோனால் அவர்கள் சொல்வது சரி. அதனால் வரிச் சட்டத்திலேயே, இந்தத் தொகை பழம், காய்கறி விலையைக் குறைக்கத்தான் போகும் என்று எழுதச் சொல்லுவோம். அந்த வாசகம் இல்லாத மசோதாவை நான் ஆதரிக்க மாட்டேன்.