‘படம் பார்த்தியா? ஒண்ணும் சொல்லலையே!’

மெட்ரோ தண்ணீர் எங்கள் தெருவுக்குக் காலை ஐந்தரைக்கு வரும், ஆறேகாலுக்குப் போய்விடும். அந்த முக்கால் மணி நேரத்துக்குள் அடிபம்பை அடித்து ஆறு குடம், ஒரு டிரம், அம்மா குளிக்க இரண்டு பக்கெட் நிரப்பியாக வேண்டும். போன திங்கட்கிழமை மூன்றாவது குடம் பாதி நிறைந்திருக்கும்போது ஜன்னலில் வைத்திருந்த போன் கத்த ஆரம்பித்தது. டிங். டிங். டிங் டிங். நிற்கவே இல்லை. உடம்பு முடியாத பெரியவர்கள் இருக்கிற வீட்டில் விடிவதற்கு முன் போன் இப்படி அடித்தால் மனசு எங்கே போகும்? சொந்தத்தில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். பம்பை அப்படியே விட்டுவிட்டு, ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால், தர்பூசணி. தர்பூசணியில் செதுக்கிய மயில். மயிலுக்குப் பக்கத்தில் என் அண்ணன், இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு.

மூத்தவர், ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும். இதை எழுதி முடிக்கிறவரைக்கும் ‘அவன்’தான். கோபம் ஆறினால் திருத்திக்கொள்கிறேன்.

கப்பலில் போயிருந்தான். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் கொடியசைத்துச் சொகுசுக் கப்பலை அனுப்பிவைத்ததை டிவியில் பார்த்த நாளிலிருந்தே அவனுக்கு அந்த ஆசை. அண்ணி, அவள் தங்கை குடும்பம், சம்பந்தி வீட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து சனிக்கிழமை ஏறி, திங்கட்கிழமை காலையில் இறங்குகிற பயணம். எந்த ஊருக்கு என்கிறீர்களா? எந்த ஊருக்கும் இல்லை. கடலுக்குள் கூட்டிப்போய், சுற்றிக் காட்டி, ஏற்றின இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். காசிமேட்டு விசைப்படகுக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு யாரும் மயில் செதுக்கி வைப்பதில்லை.

உனக்குப் பொறாமை என்று யாராவது வருவீர்கள். சரி, பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் காசு, அவன் போகட்டும், நூறு தடவை போகட்டும். எனக்குக் கப்பல் மேல் ஒரு சண்டையும் இல்லை. அந்த 214 படத்தின் மேல்தான் சண்டை.

ஆமாம், எண்ணினேன். 214 படம், 11 வீடியோ. ஏன் எல்லாம் விடியற்காலையில் ஒரே அடியாக வந்து விழுந்தது என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் சொச்சம், அதுவரைக்கும்தான் நாட்டின் கடல் எல்லை. செல்போன் டவர் அநேகமாக அதற்கும் முன்னாலேயே கையை விரித்துவிடும். அப்புறம் கப்பலின் சாட்டிலைட் வைஃபை ஒன்றுதான் வழி. அதற்குத் தனியாகக் காசு. அண்ணன் அந்தக் காசைக் கொடுப்பானா? அனுப்பு, அனுப்பு என்று இரண்டு நாளாகத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். எல்லாம் போனுக்குள் கடிகாரக் குறியோடு காத்துக்கிடந்து, கப்பல் துறைமுகத்தை நெருங்கி டவர் கிடைத்ததும் மடை திறந்துவிட்டது. சனிக்கிழமை சாப்பிட்ட இட்லியை நான் திங்கட்கிழமை பார்க்கிறேன்.

அதில் என்னதான் இருக்கிறது? கடல் தெரிகிற படம் ஒன்பது. மிச்சமெல்லாம் சாப்பாடு, லிப்ட், மாடிப்படி, ரூம் கதவு. கட்டிலின் மேல் துண்டை மடித்து யானை பண்ணி வைத்திருந்தார்களாம். அந்த யானைக்கு எட்டுப் படம். யானையோடு அண்ணி, யானையோடு சம்பந்தியம்மா, யானைக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி ஒன்று, கிளாஸ் நழுவி விழுந்து ஒன்று. விழுந்ததை எதற்கு ஐயா அனுப்புகிறாய்? நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுக்க உனக்கு நேரமில்லை, குடும்ப வாட்ஸாப் குரூப்பில் இருக்கிற 41 பேர் உட்கார்ந்து உனக்காகப் பொறுக்க வேண்டுமா? அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி நான் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஒரு தட்டில் வறுத்த வஞ்சிரம் ஒரு துண்டு, மேலே எலுமிச்சை வில்லை. கீழே அண்ணி எழுதியிருக்கிறாள்: ‘செம ஃப்ரெஷ்!’ இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் நம் பக்கத்து விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவளிடம் மே மாதத்தில் வஞ்சிரத்தைக் காட்டி ஃப்ரெஷ் என்றால் என்ன செய்வது? அந்த மீன் எந்த ஐஸ் பெட்டியில் எத்தனை நாள் தூங்கியதோ. நான் வாயைத் திறக்கவில்லை.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். வரிசையில் முதல் படம் இருக்கிறதே, அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. சனிக்கிழமை மத்தியானம், ராஜாஜி சாலையில் துறைமுக வாசல் பக்கம், பெட்டிகளோடு எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். கன்டெய்னர் லாரி நடுவில் மாட்டினால் இருபது. மூன்று மாதமாக அம்மாவைப் பார்க்க வராதவன் பெரும்பாக்கத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்தானே, ஒரு எட்டு உள்ளே வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனால் கப்பல் என்ன மூழ்கிவிடுமா? கேட்டேன். “செக்-இன் டைம் ஆயிடுச்சும்மா, கூட சம்பந்தி வேற” என்றான். அதே செக்-இன் வரிசையில் நின்றுகொண்டு எடுத்த படம் மட்டும் பதினாறு.

திங்கட்கிழமை அம்மாவுக்கு டாக்டரைப் பார்க்கிற நாள். கால் பெருவிரலில் ஒரு புண், ஆறமாட்டேன் என்கிறது. மூன்று மாத சுகர், கிரியாட்டினின் எல்லாம் எடுக்கச் சொல்லியிருந்தார். லேபில் இப்போதெல்லாம் காகிதம் தருவதில்லை, வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அம்மாவை ஆட்டோவில் ஏற்றி, இறக்கி, டோக்கன் வாங்கி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, முறை வந்து உள்ளே போனோம். டாக்டர் கையை நீட்டினார். ரிப்போர்ட்டைத் தொட்டேன். சுற்றுகிறது, சுற்றுகிறது, திறக்கவில்லை. அன்றைய ஒன்றரை ஜிபி டேட்டாவை அண்ணனின் வீடியோ காலையிலேயே குடித்துத் தீர்த்துவிட்டது. டாக்டரின் கம்பவுண்டர் பாவம், தன் போனிலிருந்து இணைப்புக் கொடுத்தார். அப்போதும் திறக்கவில்லை. ‘இடம் போதவில்லை’ என்கிறது போன். எனக்குப் பின்னால் பதினான்கு பேர் காத்திருக்க, டாக்டர் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டிருக்க, நான் நின்றுகொண்டே யானையை அழிக்கிறேன், மயிலை அழிக்கிறேன், நீச்சல் குளத்தில் சம்பந்தி மாமா தொப்பையோடு மிதக்கிறதை அழிக்கிறேன். வீடியோவை முதலில் அழித்திருக்க வேண்டும் என்று அப்புறம்தான் புத்திக்கு எட்டியது. அந்தப் பதற்றத்தில் யாருக்குத் தோன்றும்? கடைசியில் டாக்டர், “லேப்ல போன் பண்ணிக் கேட்டுக்கறேம்மா, கொஞ்சம் வெளியில உக்காருங்க” என்றார். மறுபடி முக்கால் மணி நேரம். அம்மாவுக்குக் காலைத் தொங்கப்போட்டு உட்காரவே கூடாது.

(படம் தானாக வந்து இறங்காமல் செட்டிங்கில் நிறுத்திவைக்கலாம் என்று மெடிக்கல் ஷாப் பையன் அன்றைக்குச் சாயங்காலம் சொல்லிக்கொடுத்தான். இரண்டு நிமிஷ வேலை. இந்த ஞானம் எனக்குக் காலையில் வந்திருக்கக் கூடாதா?)

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, அண்ணி போன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கத்தான் என்று நினைத்து எடுத்தேன்.

“படம் பார்த்தியா? ஒண்ணும் சொல்லலையே!”

“இப்பதான் அண்ணி வந்தோம், டாக்டர்கிட்ட...”

“நீ பார்த்தது நீல டிக்கில காட்டுதே. சம்பந்தி வீட்டுல எல்லாரும் ஹார்ட் போட்டிருக்காங்க. நாத்தனார் மட்டும் ஒண்ணும் போடலைன்னா அவங்க என்ன நினைப்பாங்க?”

ஒருத்தர் படம் போட்டால் பார்ப்பது போதாது. பார்த்ததற்குச் சாட்சியாகக் கைதட்ட வேண்டும், ஹார்ட் விட வேண்டும், ‘சூப்பர் அண்ணி, அந்தப் புடவை உங்களுக்கு எடுப்பா இருக்கு’ என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதினால் உடனே ‘எங்கே வாங்கினது தெரியுமா’ என்று இன்னும் நாலு படம் வரும். கல்யாண வீட்டு மொய் மாதிரி ஆகிவிட்டது. வைக்காவிட்டால் நோட்டில் பேர் இல்லை என்று பேசுவார்கள்.

நானும் ரோஷக்காரிதானே. செவ்வாய்க்கிழமை காலையில் நானும் இரண்டு படம் போட்டேன். ஒன்று, எங்கள் அடிபம்பும் வரிசையாக நிற்கிற ஆறு குடமும். சூரியன் எழும்புகிற நேரம், பச்சைக் குடத்தின் மேல் வெயில் விழுந்து நிஜமாகவே அழகாக இருந்தது. இன்னொன்று, அம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு முருங்கைக்கீரை ஆய்கிறாள். விரலில் கட்டு, மடியில் முறம். மூன்று வாரத்துக்கு அப்புறம் தானே கேட்டு வாங்கிச் செய்த முதல் வேலை அது. கீழே எழுதினேன்: ‘இன்று எங்கள் வீட்டில்.’

41 பேர். ஒரு கட்டைவிரல்கூட இல்லை. பத்து நிமிஷம் கழித்து அண்ணன் தனியாக மெசேஜ் அனுப்புகிறான்: ‘அம்மா கால் கட்டெல்லாம் ஏன் குரூப்ல போடறே, சம்பந்தி வீட்டுக்காரங்க இருக்காங்கல்ல.’ அதற்கு மேலேயே குரூப்பில் அவன் போட்ட பதினெட்டாவது பஃபே படம் நிற்கிறது. சம்பந்தி மாமா தொப்பை எல்லாரும் பார்க்கலாம். என் அம்மா கால் பார்க்கக் கூடாது.

படத்தை எடுத்துவிட்டேன். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று மட்டும் நிற்கிறது. அதற்கு ஒரு சித்தி, ‘என்னம்மா அது, நான் பார்க்கலையே’ என்று கேட்டிருக்கிறாள்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. சாயங்காலம் அவளுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, மிச்சம் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். நான்தான் காட்ட வேண்டும். மகன் அனுப்பியது, காட்டவில்லை என்றால் பாவம். லிப்டைப் பார்த்து “இது யாரு வீடு?” என்றாள். கப்பல் என்றேன். நம்பவில்லை. அவளுக்குக் கப்பல் என்றால் ராஜுலாதான். 1926-இல் கட்டின கப்பல், சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆளை ஏற்றிக்கொண்டு போன கப்பல். 1950-களில் அம்மாவின் அப்பா அதில் ரூம் இல்லாத டெக் டிக்கெட்டில், தளத்திலேயே பாயை விரித்துப் படுத்துக்கொண்டு பினாங்குக்குப் போனார். போகிறதுக்கு முன் மண்ணடியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம் இன்னும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. ஒரே படம். கோட்டு ஸ்டூடியோக்காரருடையது, கை நீளம் அதிகம், விரல் நுனி மட்டும் தெரியும். அம்மா அந்தப் படத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். “இதுல ஏன் யாருமே பாய் விரிச்சிக்கல?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு நாளில் அது ஒன்றுதான் சிரிப்பு.

அப்புறம் துறைமுக வாசல் படம் வந்தது. அதை வேகமாகத் தள்ளப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இது நம்ம ஹார்பர்ல? இவ்ளோ கிட்டயா வந்தான்?” என்றாள். “நேரமாயிடுச்சாம்மா” என்று அவனுக்காக நான் சொன்னேன். நான் சொன்னேன்! அதற்காக என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

நேற்று ராத்திரி அண்ணனே போன் பண்ணினான். அடுத்த மாசம் இன்னொரு பயணம் போட்டிருக்கிறார்களாம். இந்தத் தடவை நிஜமாகவே ஊர் பார்க்கிற பயணம், விசாகப்பட்டினம், புதுச்சேரி, நாலு ராத்திரி. பால்கனியில் அண்ணி ஆசையாக வளர்க்கிற ரோஜா, கறிவேப்பிலை, ஏதோ ஒரு வெளிநாட்டுச் செடி, அத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் தாங்காது. பக்கத்து ஃப்ளாட்காரர்களும் ஊரில் இருக்க மாட்டார்களாம்.

“அதனால கப்பல் ஏறப் போற வழியில நம்ம வீட்டுக்கு வந்து தொட்டிய வச்சிட்டுப் போறோம். காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், தண்ணி ஊத்திடு. தினம் ஒரு போட்டோ மட்டும் எடுத்து அனுப்பு, உங்க அண்ணி கவலைப்படுவா.”

“கடல்ல டவர் கிடைக்காதே?”

“இந்த வாட்டி வைஃபை போட்டுக்கறேன்” என்றான்.