அரசினர் தோட்டத்தில் இடிந்ததும் எஞ்சியதும்

சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, தலைமைச் செயலகத்தை மருத்துவமனையாக மாற்றியது சரியா என்ற கட்சி வழக்குதான் முதலில் வருகிறது. அந்தப் புதிய கட்டடத்துக்கு இடம் விடுவதற்காகவே இரண்டு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட அரசினர் மாளிகை இடிக்கப்பட்டது என்பதை இரு தரப்பும் பேசுவதில்லை.

அது முதலில் மதெய்ரோஸ் என்ற போர்த்துக்கீசிய வணிகக் குடும்பத்துப் பெண்மணியின் தோட்ட வீடு. புனித ஜார்ஜ் கோட்டைக்கு வெளியே ஆளுநருக்கு ஒரு வீடு தேவைப்பட்டபோது, 1753-இல் ஆளுநர் சாண்டர்ஸ் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வாங்கினார். பிளாசிப் போரில் வென்ற ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவ் ஆளுநராக வந்தபின் மாளிகை பெரிதாக்கப்பட்டது. அதன் அருகிலேயே 1802-இல் ஒரு விருந்து மண்டபமும் எழுந்தது. கட்டியவர் சென்னை வானாய்வகத்தின் வானியலாளர் கோல்டிங்காம். பிளாசி, ஸ்ரீரங்கப்பட்டணம் ஆகிய இரு போர்வெற்றிகளின் நினைவாக அது கட்டப்பட்டது. தந்தையின் வெற்றிக்கு மகன் தன் பணத்தில் அல்லாமல் கம்பெனிப் பணத்தில் எடுத்த மண்டபம் என்று சொன்னாலும் பிழையில்லை.

சுதந்திரத்துக்குப் பின் ஆளுநர் கிண்டிக்குப் போய்விட்டார். மண்டபம் ராஜாஜி மண்டபம் ஆயிற்று. தோட்டத்துக்குள் 1952-இல் கட்டிய சட்டப்பேரவைக் கட்டடத்தில் பேரவை சில ஆண்டுகள் கூடிவிட்டுக் கோட்டைக்கே திரும்பியது. அந்தக் கட்டடம் பின்னாளில் கலைவாணர் அரங்கம் எனப் பெயர் பெற்றது. 2010 மார்ச்சில் பேரவைக்கும் இடம் தந்த புதிய தலைமைச் செயலக வளாகம் திறக்கப்பட்டது. 2011-இல் ஆட்சி மாறியதும் பேரவை மீண்டும் கோட்டைக்குப் போனது. 2014-இல் அந்த வளாகம் பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாயிற்று. 2020-இல் கொரோனாக் கால இடைவெளிக்காகப் பேரவை, புதிதாகக் கட்டப்பட்டிருந்த கலைவாணர் அரங்கத்தில் கூடியதையும் சேர்த்தால், இந்தத் தோட்டத்துக்கும் சட்டமன்றத்துக்கும் உள்ள உறவை விட்டகுறை தொட்டகுறை என்றுதான் சொல்ல வேண்டும்.

மருத்துவமனையை நான் குறை சொல்ல மாட்டேன். எளியவர்களுக்கு இதய சிகிச்சை கிடைக்கும் இடம் எந்தச் செயலகத்தையும்விடக் குறைந்ததல்ல. ஆனால் பயன்பாட்டை மாற்ற முடியும் என்பதை அந்தப் புதிய கட்டடமே நான்கு ஆண்டுகளுக்குள் நிரூபித்துவிட்ட பிறகு, பழைய மாளிகைக்கு மட்டும் இன்னொரு பயனைத் தேட ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்ற கேள்வி எஞ்சுகிறது. அரசின் உடைமையாக இருப்பதே ஒரு கட்டடத்துக்குப் பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம். இங்கே இடிக்க முடிவெடுத்ததும் அந்த உடைமையாளர்தான்.

ராஜாஜி மண்டபம் தப்பியதற்குக் காரணம், என் கணிப்பில், அதன் கட்டடக்கலை அல்ல. அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோரின் உடல்கள் அங்கேதான் மக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்டன. ஆளுநரின் விருந்தினர்கள் ஏறிச் செல்வதற்கென அகலமாகக் கட்டப்பட்ட அந்தப் படிக்கட்டின்மேல் 2016 டிசம்பரில் ஜெயலலிதாவின் உடல் கிடத்தப்பட்டிருக்க, கீழே கூட்டம் நெருக்கியடித்தபடி நகர்ந்தது. கம்பெனியின் வெற்றி மண்டபம் தமிழர்களின் துக்க வீடானது எந்த அரசாணையாலும் நிகழவில்லை. மாளிகைக்கோ அப்படி அழுது உரிமை கொண்டாட ஆளில்லை.

மண்டபத்தை, அடுத்து வரும் இறுதி அஞ்சலிக்கென ஒதுக்கி வைக்காமல், கண்காட்சிகளுக்கும் இசை நிகழ்ச்சிகளுக்கும் ஆண்டு முழுவதும் திறந்துவிட வேண்டும். இடிக்கப்பட்ட மாளிகையின் வரைபடங்களையும் புகைப்படங்களையும் நிரந்தரமாக அங்கேயே வைக்கலாம். மருத்துவமனைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்க்கக்கூடிய தூரம்தான்.