தப்பா படிச்சா உடனே திருத்தாதீங்க
வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினா போதும், ஒரு குழந்தையை வாசிக்க வெச்சிடலாம்னு கட்டுரையில சொல்லியிருக்கீங்க, ஒத்துக்கறேன், ஆனா அந்த ஒரு மணி நேரத்துல நாம வாயை மூடிட்டு இருக்கறதுதான் பெரிய வேலைங்க. நான் ரெண்டு வருஷமா தன்னார்வலரா ஒரு பையனுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கப் போயிட்டிருக்கேன். ஆரம்பத்துல பையன் ஒரு வார்த்தையில தடுமாறினா உடனே நானே சொல்லிடுவேன், அவனும் உஷாராகி ஒவ்வொரு வரிக்கும் என் மூஞ்சியைப் பார்க்க ஆரம்பிச்சிட்டான். அப்புறம் மனசுக்குள்ள 5 எண்ணிட்டுதான் வாயைத் திறக்கறதுன்னு வெச்சுக்கிட்டேன், தடுமாறற வார்த்தைகள்ல பாதியை அதுக்குள்ள அவனே பிடிச்சிடறான். 'பள்ளம்'ங்கறதை 'பல்லம்'னு படிச்சா அப்போதைக்கு விட்டுடுவேன் (ளகரம் எங்க ஓடிடப் போகுது), ஆனா முதல் எழுத்தை மட்டும் பார்த்து 'குதிரை'யை 'குரங்கு'ன்னு அடிச்சு விட்டா, அடுத்த வரியில அது வண்டி இழுக்குதே, எப்படிடா?ன்னு கேப்பேன், அவனே சிரிச்சுக்கிட்டு திரும்பிப் போய் படிப்பான். ஒரு பக்கத்துல 5 வார்த்தைக்கு மேல தெரியலைன்னா புக்கை மாத்திடுங்க, இல்லாட்டி நீங்க ஒரு வரி அவன் ஒரு வரி. அப்புறம் ரெண்டு மாசத்துல நின்னுடற ஐடியா இருக்கறவங்க தயவுசெஞ்சு ஆரம்பிக்கவே வேணாம், எனக்கு முன்னாடி வந்துட்டிருந்த அக்கா ஏன் இப்ப வரலைன்னு அவன் கேட்டப்ப என்ன சொல்றதுன்னே எனக்குத் தெரியலை.