நிப்பாட்டியாச்சா?

போன வாரம் நண்பர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து, இலையில் பருப்பும் நெய்யும் விழுந்ததும் சட்டைப் பையிலிருந்து கேப்சூலை எடுத்து முதல் வாய்ச் சோற்றோடு விழுங்கினேன். பக்கத்து இலை அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சுகரா தம்பி?”

“அதுவும் உண்டு அண்ணாச்சி. இது கணையத்துக்கு.”

சோற்றைப் பிசைந்த கை நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, என் காதோரம் சாய்ந்து கேட்டார்: “நிப்பாட்டியாச்சா?”

13 வருஷமாக இதே கேள்விதான். ஆரம்பிக்கவே இல்லாத குடியை எப்படி நிப்பாட்டுவது? ஒன்றும் சொல்லாமல் சிரித்து வைத்தேன். அந்தக் கேப்சூலுக்குள் இருப்பது பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த, சோற்றைச் செரிக்க வைக்கிற என்சைம் என்பதையும் சொல்லவில்லை. அவர் சுத்த சைவம், பாவம், அடைப்பிரதமனில் போளியைப் பிய்த்துப் போட்டு நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

எனக்கு 24 வயதில் வலி தொடங்கியது. இரண்டு வருஷம் ‘கேஸ்’ என்று சொல்லியே ஓடியது. இஞ்சிச் சாறு, ஓம வாட்டர், காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. 26 வயதில் ஒருநாள் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கணையக் குழாய் நெடுக வெள்ளை வெள்ளையாகக் கற்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் ‘குடிப்பீங்களா’ என்றுகூடக் கேட்கவில்லை. “எத்தன வருஷமா குடிக்கிறீங்க?” என்றார். அம்மா என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் நான் வேலைக்குப் போன நேரத்தில் என் பீரோவையும் கட்டிலுக்கு அடியையும் துழாவியிருக்கிறார், பாட்டில் ஏதாவது கிடைக்கும் என்று. இதைப் பல வருஷம் கழித்து அவரே சொல்லி அழுதார்.

குடியால் கணையம் கெடும், அதில் சந்தேகமில்லை. புகையும் கெடுக்கும், ஆனால் ‘பீடி உண்டா’ என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. இது இரண்டும் இல்லாமல், இளம் வயதிலேயே தொடங்குகிற ஒரு வகை இருக்கிறது. அதற்கு வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர். 1959ல் இந்தோனேசியாவில் சுயிடெமா என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். அதற்குப் பின் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பூமி. எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள நோய் இந்தப் பக்கம் வராமல் இருக்குமா?

இந்தப் பெயரை இரண்டாவது டாக்டர் சொன்னதும் வீட்டில் வேறொரு கதை ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு மரச்சீனிக் கிழங்குதான் (மரவள்ளி) காரணமாக இருக்கும், அதிலுள்ள சயனைடு கணையத்தைக் கெடுக்கிறது என்று ஒரு கருத்து இருந்தது. யாரோ அதை அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே எங்கள் வீட்டில் மரச்சீனி நின்றது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரின் வயிற்றைக் காப்பாற்றிய கிழங்கு அது. “நாந்தான மக்கா ஒனக்கு அவிச்சு அவிச்சுத் தந்தேன்” என்று அம்மா அடுப்படியில் உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மரச்சீனியே தொடாத ஊர்களிலும் இந்த நோய் இருக்கிறது, அந்தக் கருத்து பெரிதாக நிற்கவில்லை, ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் நம் நாட்டு நோயாளிகள் பலரிடம் இருக்கிறது என்றெல்லாம் டாக்டர் பொறுமையாக விளக்கினார். அம்மா தலையாட்டினார். மரபணு என்றாலும் அது தன் வழியாகத்தானே வந்திருக்கும் என்று அடுத்த கவலைக்குப் போய்விட்டார்.

சரி, வலிக்கு வருகிறேன்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. அதனால் வலி மேல்வயிற்றில் பிடித்து நேராக முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும். மல்லாந்து படுக்க முடியாது. முன்னால் குனிந்தால் கொஞ்சம் தணியும். ராத்திரி இரண்டு மணிக்கு நான் தரையில் முட்டிபோட்டு, கட்டில்மேல் தலையணையை வைத்து, அதில் வயிற்றை அமுக்கிக் கிடப்பேன். தொழுகிறேன் என்று யாராவது நினைக்கலாம். வெந்நீர்ப் பையை வைத்து வைத்து வயிற்றுத் தோலில் பழுப்பு நிறத்தில் ஒரு தழும்பு, மீன் வலையை விரித்துப் போட்ட மாதிரி. சட்டையைக் கழற்றினால் அது ஒன்றுதான் வெளியே தெரிகிற அடையாளம். மற்றதற்கெல்லாம் சாட்சி கிடையாது.

சாட்சி இல்லை என்பது எவ்வளவு பெரிய சங்கடம் தெரியுமா? வலி தாங்காமல் அவசரப் பிரிவுக்குப் போனால் ரத்தத்தில் அமிலேஸ், லிப்பேஸ் என்ற கணைய என்சைம்களின் அளவைப் பார்ப்பார்கள். திடீரென வரும் கணைய அழற்சியில் அவை எகிறும். என்னைப் போல வருஷக்கணக்கில் வெந்து தழும்பாகிப்போன கணையத்தில் சுரக்கவே அதிகம் இல்லையே, எங்கிருந்து எகிறும்? ரிப்போர்ட் நார்மல். ட்யூட்டி டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்ப்பார். “பத்துக்கு எவ்வளவு வலி?” எட்டு என்றால் நடிக்கிறேன் என்று தோன்றும், ஐந்து என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் ஏழு என்று சொல்வேன். பேரம் பேசுகிற மாதிரிதான்.

கற்களை அதிர்வலையால் உடைத்தார்கள், கணையக் குழாய் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்தார்கள், மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். கடைசியில் ஆபரேஷன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நன்றாகவே இருந்தேன், பரோட்டாகூடச் சாப்பிட்டேன். அப்புறம் வலி திரும்பி வந்தது. கல்லை எடுத்தாலும், இத்தனை வருஷம் வலித்து வலித்து நரம்புகள் பழகிப்போயிருக்கும், சிலருக்கு அதன்பிறகு வலியே தனி நோயாக நிற்கும் என்றார்கள்.

அந்த ஆபரேஷன் வார்டைப் பற்றித்தான் இன்று முக்கியமாக எழுத வந்தேன்.

என் அடுத்த கட்டிலில் ஒரு சுமைத் தொழிலாளி. அவருக்கும் இதே நோய், இதே மாதிரி கற்கள். அவர் குடித்தவர், மறைக்கவும் இல்லை. ராத்திரி நான் முனகினால் சிஸ்டர் வந்து ஊசி போடுவார். அவர் முனகினால், “குடிக்கும்போது தெரியலையா?” என்று ஒரு சத்தம் முதலில் வரும், ஊசி மெதுவாக வரும். வார்டில் சேர்ந்த முதல் நாளே ரவுண்ட்ஸ் வந்த எல்லோரிடமும் “நான் குடிச்சதே இல்ல சார்” என்று நானாகவே சொல்லிவைத்திருந்தேன். அந்த வசனத்துக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். அது எனக்கு ஊசியைச் சீக்கிரம் கொண்டுவந்தது. அவருடைய ஊசியைத் தள்ளிப்போட்டதில் அதற்கும் பங்கு உண்டு. 2003லிருந்து இந்த மாநிலத்தில் மதுக்கடை நடத்துவது அரசாங்கம். வாங்கிக் குடித்தவன் வலியில் துடித்தால் மட்டும் அவன் குற்றவாளி. ஆனால் அரசாங்கத்தைத் திட்டுவது எனக்குச் சுலபம். அந்த வார்டில் நல்ல பிள்ளை வேஷம் போட்டது நான்தான்.

இன்னொரு சோதனை மருந்துக்கடை. 2018லிருந்து டிரமடால் என்ற வலி மருந்து போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சீட்டை நீட்டியதும் கடைக்காரர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்க்கிறாரே, அந்தப் பார்வை எந்தச் சட்டத்தில் இருக்கிறது? மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் கொடுத்து அபினி விளைவிக்கிற நாடு இது. அதே நாட்டில் புற்றுநோய்க்காரருக்கே, அந்த அபினியிலிருந்து எடுக்கிற வலி மருந்தான மார்பின் கிடைப்பது பெரும்பாடு. வலி தணிப்புச் சிகிச்சை செய்கிற திருவனந்தபுரத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்கில் நடையாய் நடந்து 2014ல் அந்தப் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். சட்டம் இளகியது, கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் மனசு இளகவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு மார்பின் வகை மருந்து நிரந்தரத் தீர்வு இல்லை என்பதும் எனக்குத் தெரியும்; குடல் இறுகும், பழகிப்போகும், சில நேரம் வலியையே கூட்டும். அதையெல்லாம் உட்காரவைத்துப் பேசுகிற டாக்டர் வேண்டும். சந்தேகப்படுவது சிகிச்சை ஆகாது.

கல்யாண வீட்டு அண்ணாச்சிக்கு வருகிறேன். முன்பெல்லாம் “ஐயோ, நான் தொட்டதே இல்ல” என்று பதறுவேன். இப்போது அந்தப் பதிலைச் சொல்வதில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் அடுத்த கட்டில்காரர் ஞாபகம் வருகிறது.

அவர் இப்போது குடிப்பதில்லை. வலி மட்டும் போகவில்லை. மாதத்தில் இரண்டு மூன்று நாள், நடுச்சாமத்தில் அவரிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வரும். நான் திரும்பக் கூப்பிடுவேன்.

“குனிஞ்சு இருக்கீங்களா?”

“ஆமா சார். நீங்க?”

“நானும்தான்.”

அதற்குமேல் பேச ஒன்றும் இருக்காது. போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருப்போம். அவர் வீட்டு ஃபேன் சத்தம் கேட்கும்.