பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு யாருக்கு ஆராதனை?

போன ஞாயிறு எங்கள் கோயிலில் நடந்ததைப் பற்றிச் சபை வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் பேசி முடித்துவிட்டீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் "சின்ன விஷயம், பெரிதாக்க வேண்டாம்" என்று நேற்று இரவு ஒருவர் போட்டதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கீர்த்தனை முடிந்த பிறகும் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று விடாமல் அல்லேலூயா பாடிக்கொண்டிருந்தது. அதற்காகத் தாயையும் பிள்ளையையும் அத்தனை பேர் முன்னால் எழுப்பி வெளியே அனுப்பியது சின்ன விஷயம் இல்லை. பிள்ளைகள் உள்ளே இருக்க வேண்டும். எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்.

உடனே வரும் பதில் தெரியும்: "ஆலயத்தின் பரிசுத்தம் என்று ஒன்று இருக்கிறதே." இருக்கிறது. யோவேல் 2:16-ஐ எடுத்து வாசியுங்கள். சபையைப் பரிசுத்தப்படுத்துங்கள் என்று சொல்லும் அதே வசனம்தான், பிள்ளைகளையும் பாலுண்கிற குழந்தைகளையும் கூட்டுங்கள் என்றும் சொல்கிறது. கைக்குழந்தை சத்தம் போடும் என்பது தீர்க்கதரிசிக்குத் தெரியாதா? மத்தேயு 21-இல் தேவாலயத்தில் பிள்ளைகள் ஓசன்னா என்று ஆர்ப்பரித்தபோது கோபப்பட்டது யார்? பிரதான ஆசாரியரும் வேதபாரகரும். இயேசு யார் பக்கம் நின்றார் என்பது உங்களுக்கும் தெரியும்.

"பிள்ளைகளுக்குத்தான் ஓய்வுநாள் பள்ளி இருக்கிறதே, லீவில் நடக்கும் விபிஎஸ் வேதாகமப் பள்ளி இருக்கிறதே?" நானும் ஓய்வுநாள் பள்ளியில் படித்தவன்தான். வருடக்கணக்காகச் சம்பளம் இல்லாமல் சொல்லிக்கொடுக்கும் அக்காமார்களை மதிக்கிறேன். ஆனால் அது எதற்காகப் பரவியது? 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியது, வாரத்தின் மற்ற நாள்களில் எல்லாம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஏழைப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையாவது எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான். அப்பா அம்மாவின் பொறுப்பைக் கைமாற்றிவிட அல்ல, பெரியவர்கள் நிம்மதியாகப் பிரசங்கம் கேட்க அல்ல. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு டீச்சர் சொல்லித் தருவதை வைத்து ஒரு பிள்ளை வாழ்நாள் முழுதும் விசுவாசத்தில் நிற்கும் என்று எதிர்பார்ப்பது அந்த டீச்சருக்கும் அநியாயம், பிள்ளைக்கும் அநியாயம்.

எனக்கு விசுவாசம் வந்தது ஆச்சியிடமிருந்து. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் பாயை விரித்து என்னை வேதம் வாசிக்கச் சொல்வாள். தூக்கக் கலக்கத்தில் ஒரு வார்த்தையை விட்டால்கூட, "ஏல, ஒன்னைத் தாண்டிட்ட" என்பாள். சங்கீதங்கள் அவளுக்கு அப்படி மனப்பாடம். கோயிலில் பிரசங்கம் நீண்டால் அவள் மடியில் தூங்கியிருக்கிறேன், முழித்ததும் பசிக்கிறது என்று சத்தமாக அழுதும் இருக்கிறேன். யாரும் எங்களை எழுந்து போகச் சொன்னதில்லை. அன்று ஒருவர் ஆச்சியை அப்படி அவமானப்படுத்தியிருந்தால் அவள் திரும்பவும் வந்திருப்பாள். நான் வந்திருப்பேனா என்பது சந்தேகம். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எழுதும்போது எந்தப் பெரிய போதகர் பெயரையும் சொல்லவில்லை. பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள், அவ்வளவுதான்.

"அப்படியானால் பிள்ளை என்ன கத்தினாலும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?" வீறிட்டு அழுதால் தாயே தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். எந்தத் தாய்க்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞானஸ்நானம் கொடுக்கும்போது போதகர் ஐயர் பெற்றோரிடம் மட்டுமா வாக்குக் கேட்கிறார்? சபையாரைப் பார்த்தும் கேட்கிறார். இந்தப் பிள்ளை கிறிஸ்துவை அறிந்து வளரும்படி உண்மையாய் நடப்போம் என்று எல்லாரும் சேர்ந்துதான் பதில் சொல்கிறோம். அந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் சொன்னோம். மூன்று வருடத்தில் மறந்துபோனதா?

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. போகச் சொன்னபோது தாய் மட்டும்தான் எழுந்து போனாள். அப்பா ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தார். அவர் ஒருவரைச் சொல்லவில்லை, நம் வீடுகள் எல்லாம் இப்படித்தான் இருக்கின்றன. ஜெபம் சொல்லிக்கொடுப்பது அம்மா, வசனம் மனப்பாடம் பண்ண வைப்பது அம்மா, ஞாயிறு காலை குளிப்பாட்டிக் கிளப்புவது அம்மா. பிள்ளை சத்தம் போட்டால் திட்டு வாங்குவதும் அம்மா. பையன் காலேஜுக்குப் போய்க் கோயில் பக்கமே வராமல் ஆனால் "நீ வளர்த்த லட்சணம்" என்று கேட்பது மட்டும் அப்பா. எபேசியர் 6:4 "பிதாக்களே" என்றுதான் தொடங்குகிறது. பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் கர்த்தருக்கேற்ற போதனையில் வளர்க்கச் சொன்னது நம்மைத்தான் ஐயா.

வாலிபர் கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று கமிட்டிக்குக் கமிட்டி வருத்தப்படுகிறீர்கள். எனக்கும் அதே வருத்தம்தான். மூன்று வயதில் வெளியே போ என்றவர்களை இருபது வயதில் உள்ளே வா என்றால் எப்படி வருவார்கள்?

கமெண்டில் "ஒழுங்கு வேண்டாமா" என்று எழுதப்போகிற அண்ணன்மாரே, தாராளமாக எழுதுங்கள். அதற்கு முன்னால் உங்கள் வீட்டில் நீங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து குடும்ப ஜெபம் செய்தது கடைசியாக எப்போது என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.