மூண்டு மணிக்கூட்டை ஒண்டாக்கிப்போட்டு ‘ஒறிஜினல்’ எண்டாதேங்கோ!

யாழ்ப்பாணத்தில பழைய செய்கோ 5 (ஜப்பான் செய்கோ கொம்பனியின்ர கைமணிக்கூடு) ஒண்டு வாங்கப் பாக்கப் போனால் முதல் காதில விழுறது: “அண்ணை, ஃபுல் ஒறிஜினல். ஆளின்ர அப்பா சவுதியில இருந்து கொண்டந்தது.” திருப்பிப் பாத்தால் பின்மூடியில 6119. டயலில 7009. எந்த அப்பா, எந்த மணிக்கூடு?

பின்மூடியில ரெண்டு நாலிலக்க நம்பர் கிடக்கும். முதலாவது மெஷினுக்கு, மற்றது கேஸுக்கு (மெஷினைச் சுத்தியிருக்கிற வெளிக்கூடு). டயலின்ர அடி விளிம்பில, 6 மணிக்குக் கீழ, எறும்பு ஊர்ந்த மாதிரி இன்னொரு நம்பர். அதின்ர முதல் நாலும் மூடியோட ஒத்துவர வேணும். பின்பாதி டயலின்ர சொந்த நம்பர், அது அச்சொட்டாப் பொருந்தத் தேவையில்லை. (அது தெரியாமல் நல்ல மணிக்கூட்டுக்கும் குறை பிடிக்கிற ஆக்கள் இருக்கினம். அது வேற கொதி.) நம்பர் பாக்கிற மூண்டாவது இடம் உள்ளுக்க, ரோட்டரில (கை ஆட்டத்துக்குச் சுழண்டு சாவி குடுக்கிற தகடு). மூடியைக் கழட்டச் சொன்னால் “உள்ளுக்க தூசு போயிடும்” எண்டுவினம். முப்பது வருசத் தூசு உள்ளுக்கதானே கிடக்குது! டயலில 21 ஜுவல்ஸ் (மெஷினுக்குள்ள பூட்டின சின்னக் கல்லுகள்), ரோட்டரில 17 எண்டு வந்திடும், அதுதான் பயம்.

செய்கோ பின்மூடியில ‘வோட்டர் புறூஃப்’ எண்டு எழுதுறதை 1970 வாக்கில விட்டு ‘வோட்டர் றெசிஸ்ட்’டுக்கு மாறியிட்டுது. 6309 மெஷின் வந்ததே 1976 இல. பிறகு 6309 ஐ ‘புறூஃப்’ மூடிக்குள்ள அடைச்சு வச்சு, “கொம்பனிச் சாமான்” எண்டு சத்தியம் பண்ணுறதை என்னெண்டு சொல்ல?

வயித்தெரிச்சல் கேஸில. பஃப் வீலில (மினுக்கிற சில்லு) பிடிச்சுப் பிடிச்சு, பட்டி பூட்டுற கொம்பின்ர கூர் விளிம்பெல்லாம் சவர்க்காரக் கட்டியாத் தேய்ஞ்சு போச்சு. மேல்பக்கத்தில கொம்பனி இழுத்த மெல்லிய கோடுகளைக் காணேல்லை. மூடியில எழுத்து பாதி அழிஞ்சிட்டுது. அதைக் காட்டி, “பாருங்கோ, புதுசா மினுங்குது” எண்டு விலையைக் கூட்டுறாங்கள்! அண்ணை, மினுங்குறதாலதான் விலை இறங்க வேணும்.

இன்னொண்டு. மூடியில ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பக்’ எண்டிருந்தால் மூடி மட்டும்தான் ஸ்டீல். ‘பேஸ் மெற்றல்’ எண்டும் இருந்தால் கேஸ் குரோம் பூசினது, அநேகமாப் பித்தளை. பட்டியைக் கழட்டிக் கொம்புகளுக்கு நடுவில பாருங்கோ: எங்கட வியர்வை தின்ன இடத்தில மஞ்சள் தெரியும், பச்சைக் களிம்பும் இருக்கும்.

முள்ளையும் விடாதேங்கோ. நிமிச முள்ளு நிமிசக் கோட்டைத் தொடாமல் கட்டையா நிண்டால் அது வேற மணிக்கூட்டின்ர முள்ளு. டயலில இருட்டில ஒளிருற பூச்சு பழுத்துப்போய், முள்ளில மட்டும் பச்சைப்பசேல் எண்டால் சொல்லத் தேவையில்லை.

கலந்து பூட்டினதை விக்கக் கூடாதெண்டு ஆரும் சொல்லேல்லை. கலப்பு எண்டு சொல்லி, கலப்புக்குரிய விலையைக் கேளுங்கோ. ‘ஒறிஜினல்’ விலை வேணுமெண்டால் மூடியைத் திறந்து, மூண்டு இடத்து நம்பரையும் படமெடுத்துக் காட்டுங்கோ.