ஓம், உலாத்தினனான்தான்!

ஜேர்மனியில இருந்து லீவுக்கு வீட்டை வந்து இண்டையோட 18 நாள். இந்த 18 நாளில "படிப்பு எப்பிடிப் போகுது?" எண்டு என்னட்டக் கேட்டது ரெண்டே ரெண்டு பேர். ஒராள் எனக்குப் பத்தாம் வகுப்பில கணக்குப் படிப்பிச்ச ரீச்சர். மற்றவர் தபால்காரர். மிச்ச எங்கட ஊர் விசுவமடு முழுக்க, நான் பேஸ்புக்கில போட்ட படங்களைப் பாத்திட்டு, ஒரே கேள்விதான். "என்ன பிள்ளை, உலாத்தி முடிஞ்சுதோ?"

முதல் பத்து நாள் சிரிச்சுக்கொண்டு போனனான். நேற்றுக் காலமை பாண் வாங்கக் கடைக்குப் போன இடத்தில பொறுமை போட்டுது. வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நிண்ட ஒரு அன்ரி (பேர் வேண்டாம், எங்கட றோட்டில அன்ரிமாருக்குப் பஞ்சமில்லை) என்னைக் கண்டிட்டுச் சிரிச்சா. பேந்து கடைக்காரர் பக்கம் திரும்பி, எனக்கும் கேக்கத்தக்கதா, "உவ ஜேர்மனிக்குப் படிக்கப் போகேல்லை அண்ணை, சனி ஞாயிறு பாக்கப் போனவ" எண்டா. கடைக்காரரும் சிரிச்சார். மிச்சக்காசையும் வாங்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்திட்டன். அந்த 40 ரூபாவும் சேர்ந்துதான் இப்ப எரியுது.

சரி, கணக்கெண்டு வந்தால் கணக்குப் பாப்பம். நான் ஆஹன் நகரத்துக்குப் போய் ஒண்டரை வருசம். அதுக்குள்ள 78 சனிக்கிழமை வந்து போயிருக்கு. நான் வெளிக்கிட்டுப் போனது 11 சனிக்கிழமை. மிச்ச 67 சனிக்கிழமையும் என்ன செய்தனான் எண்டு ஒரு குஞ்சு குருமானும் கேக்கேல்லை. ஏனெண்டால் அதுக்குப் படம் இல்லை. ஒரு சாப்பாட்டுக்கடையின்ர பின்பக்கத்தில, எண்ணெய் பிடிச்ச கோப்பையளை வழிச்சு வழிச்சு மெசினுக்குள்ள அடுக்கிற படத்தை ஆர் பேஸ்புக்கில போடுவினம்? இரவு பன்னிரண்டு மணிக்கு அறைக்கு வந்து, கையில சவர்க்கார நாத்தத்தோட அசைன்மென்ற் எழுதிறதை ஆர் படம் எடுக்கிறது?

"உங்க அரசாங்கம் படிக்கிற பிள்ளையளுக்குச் சம்பளம் குடுக்குதாமே" எண்டு கேக்கிற ஆக்களுக்கும் ஒருக்காச் சொல்லி வைக்கிறன். ஒரு சதமும் குடுக்கிறேல்லை. மாறி, நாங்கள்தான் காசு காட்ட வேணும். நான் விசாவுக்குப் போட்ட நேரம் 11,208 யூரோ முடக்கக் கணக்கில கட்டிக் காட்டச் சொன்னவை. எங்கட காசில 39 லட்சம் கிட்ட. அதில அரைவாசி சுவிஸ் மாமா தந்த கடன், மிச்சம் வயலை ஈடு வைச்சது. அந்தக் காசையும் மொத்தமா எடுக்கேலாது. மாதம் 934 யூரோவா அவிட்டு விடுவினம். அறை வாடகை, காப்புறுதி, சாப்பாடு எண்டு போனால் மாதக் கடைசியில பருப்பும் சோறும்தான். ஒரு வருசத்தில அதுவும் துடைச்சாச்சு. அது காணாமல்தான் இந்தக் கோப்பை கழுவல். அதுவும் எங்கட இஷ்டத்துக்கு இல்லை, வெளிநாட்டு மாணவருக்கு வருசத்தில 140 முழுநாள்தான் கணக்கு.

அப்ப உலாத்தக் காசு எங்கால? இதுதான் உங்கட அடுத்த கேள்வி, தெரியும். கம்பஸ் காசு கட்டேக்கையே ரெயின் ரிக்கற்றுக்கும் சேத்து அறவிடுவினம். 2025இல மாதம் 34.80 யூரோப்படி விழுந்துது, எங்கட 12,000 ரூபா. வேகரெயினில ஏறேலாது. ஆனா ஊர் ஊரா நிண்டு நிண்டு போற ரெயினில, பஸ்ஸில ஜேர்மனி முழுக்கப் போகலாம். போனாலும் அதே காசு, அறைக்குள்ள போர்த்து மூடிக்கொண்டு படுத்தாலும் அதே காசு. ரெண்டு நேரச் சாப்பாட்டுக்குக் காசு கட்டிப்போட்டு ஒரு நேரம் மட்டும் சாப்பிடுற விசர் எனக்கில்லை.

எனக்கு விளங்குது, இஞ்ச பிரச்சினை என்னெண்டால் எங்கட ஊரில சனி ஞாயிறு எண்டு ஒண்டு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குச் சனி ஞாயிறெண்டால் ரியூசன். வயல்காரருக்குக் காலபோகம், சிறுபோகம். குளத்தில தண்ணி திறந்தால் அது சனியோ செவ்வாயோ எண்டு ஆர் பாக்கினம்? வெள்ளிக்கிழமை ஒண்டுக்குத்தான் எங்களிட்ட மரியாதை, அதுவும் மரக்கறி எண்டதால. அங்க அப்பிடியில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையள் பூட்டு, சட்டமே அப்பிடி. சுவரில ஒரு ஆணி அடிக்கேலாது. றோட்டில ஈ காக்கா இல்லை. ஊரடங்குச் சட்டம் போட்ட மாதிரி, ஆனா ஒருத்தரும் பயப்பிடாத ஊரடங்கு. முதல் மூண்டு மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமையளை நான் 12 சதுர மீற்றர் அறைக்குள்ள இருந்து கழிச்சனான். வட்ஸ்அப்பில அம்மாவுக்கு எடுப்பன், அம்மா கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு நிப்பா, பின்னால சேவல் கூவும், நான் வைச்சிட்டு அழுவன். அந்த அழுகைக்கு ஸ்ரேற்றஸ் போட்டிருந்தால் சிலவேளை உங்களுக்குத் திருப்தியா இருந்திருக்கும்.

சரி, இப்ப அந்த 11 பயணத்துக்கு வாறன். அதில ஆறு உங்கட பாசல்!

சத்தமாச் சொல்லுறன், ஆறு! நான் போகேக்க பிளேனில 30 கிலோ விட்டவை. அதில 14 கிலோ ஊராற்ற சாமான். மிளகாய்த்தூள், ஒடியல், வேப்பம்பூ வடகம், முல்லைத்தீவு நெத்தலிக் கருவாடு, ஆரோ ஒரு புண்ணியவதி ஒரு மர இடியப்ப உரலும் தந்தவ. என்ர சப்பாத்தை வெளியில எடுத்து வைச்சிட்டு அந்த உரலை உள்ளுக்கை வைச்சவ அம்மா. "பிள்ளை, பாரிஸ் கிட்டத்தானே", "டோட்முண்ட் கிட்டத்தானே", "சுவிஸ் கிட்டத்தானே". உங்கட வாயில ஐரோப்பா எண்டால் பரந்தன் சந்திக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடைப்பட்ட தூரம்.

அந்த மிளகாய்த்தூள் கதையைச் சொல்லாட்டி எனக்கு ஆறாது. டோட்முண்டில இருக்கிற ஒராற்ற மச்சாளுக்குக் குடுக்கவெண்டு ரெண்டு கிலோ தூள். ஆஹனில ஏறினால் கொலோன், டுசுல்டோர்வ் தாண்டி நேர டோட்முண்டுக்கு ஒரே ரெயின். பையை மடியில வைச்சுக்கொண்டு இருக்கிறன். எனக்கு எதிர்ச் சீற்றில ஒரு வயசான ஐயா, பேப்பர் வாசிச்சுக்கொண்டு. கொலோன் வரமுதல் ஒரு தும்மல். ஆரும் தும்மினால் பக்கத்தில இருக்கிறாக்கள் 'கெசுண்ட்ஹைற்' எண்டு சொல்ல வேணும், அது அங்கத்தை மரியாதை. சொன்னன். ரெண்டாவது தும்மல். திருப்பியும் சொன்னன். நாலாவது தும்மலுக்குத்தான் குனிஞ்சு பாத்தன். பையின்ர மூலை வெடிச்சு, என்ர ஜீன்ஸ் முழுக்கச் செம்மண் புழுதி மாதிரி. மனிசன் 11 தரம் தும்மினார். தும்ம வைச்சதும் நான், 'கெசுண்ட்ஹைற்' சொன்னதும் நான். கடைசியில அவர் கண்ணைத் துடைச்சுக்கொண்டு எழும்பி அடுத்த பெட்டிக்குப் போட்டார். எனக்குத் தரை பிளந்து உள்ளுக்கை போகலாம் போல இருந்துது.

கொலோனில இறங்கி, ரொயிலற்றில உடுப்பைக் கழுவி, பையைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வெளியால வந்தால் ஸ்ரேசன் வாசலிலயே அந்தப் பெரிய தேவாலயம். 157 மீற்றர் உயரம். 1248இல கட்டத் தொடங்கி 1880இலதான் முடிச்சவையாம் (எங்கட றோட்டு வேலைக்கு இனி நான் வாய் திறக்க மாட்டன்). அடுத்த ரெயினுக்கு நேரம் கிடந்தது, ஒரு படம் எடுத்துப் போட்டன். டோட்முண்டில அந்த மச்சாள் கதவைத் திறந்து பாசலை வாங்கி, கையில தூக்கிப் பாத்திட்டுச் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமோ? "என்ன பிள்ளை, நிறை குறையுது போல?" ஒரு தேத்தண்ணி தரேல்லை.

இந்த ரெண்டு கிலோவைத் தந்துவிட்டது வேற ஆருமில்லை. நேற்று வெங்காயம் பொறுக்கின அதே அன்ரி. அவ எண்ணி வைச்சிருக்கிற படங்களில முதலாவது அந்தக் கொலோன் படம்!

பாரிஸ் போனதும் பாசல்தான். வெள்ளி இரவு பஸ், சனி இரவு திரும்பி பஸ், ஹொட்டேல் கிடையாது, கையில ரொட்டியும் சம்பலும். தமிழ்க் கடையள் இருக்கிற லா சப்பேல் பக்கத்தில மாமியிட்ட இடியப்ப உரலைக் குடுத்திட்டு மிச்ச நேரம் நடந்து திரிஞ்சன். ஈபிள் கோபுரத்தில ஏறேல்லை, கீழ நிண்டு அண்ணாந்து பாத்தது. லூவர் மியூசியத்துக்கு ஐரோப்பாவில வசிக்கிற 26 வயசுக்குக் கீழ்ப்பட்ட ஆக்களுக்குக் காசில்லை, அதால போனன். மோனாலிசா 77க்கு 53 சென்ரிமீற்றர். எங்கட வீட்டுச் சாமியறையில இருக்கிற முருகன் அதைவிடப் பெரிசு. திரும்பி வரேக்க விடியப்புறம் எல்லையில பஸ்ஸை மறிச்சு பாஸ்போட் பாத்தவை. நித்திரையில இருந்து எழும்பி, கை நடுங்கத் தேடி எடுத்தன். அதுவும் படமில்லை.

பிரசல்ஸ் கதை இன்னும் கேவலம். அங்க மூத்திரம் பெய்யிற ஒரு குட்டிப் பொடியன்ர சிலை இருக்கு. 55 சென்ரிமீற்றர்தான், ஆனா உலகமே வந்து படம் எடுக்குது. நானும் எடுத்தன். அதைப் பாத்திட்டு ஒரு பெரியம்மா அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்து, "பொம்பிளைப் பிள்ளை போடுற படமோ உது?" எண்டு அரை மணித்தியாலம். பெரியம்மா, உங்கட பேரன் உங்கட முற்றத்து மாமரத்துக்கு நாளுக்கு நாலு தரம் அதைத்தானே செய்யிறான்?

ஜேர்மனியில ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேருக்குப் போனதையும் இவை உலாத்துக் கணக்கிலதான் சேத்திருக்கினம். அது அம்மாவின்ர நேத்தி. வட்டாப்பளை அம்மன் பொங்கலுக்கு நான் இல்லாத குறைக்கு அங்கயாவது போய் ஒரு கற்பூரம் கொளுத்து எண்டு சொன்னவ. 2002இல கும்பாபிஷேகம் நடந்த கோயில், பக்கத்தில மின்சார நிலையம், தீர்த்தத்துக்குக் கால்வாய். அந்தச் சனத்துக்குள்ள நிண்டு, தவில் சத்தம் கேட்ட உடன எனக்கு நெஞ்சடைச்சுப் போச்சு. ஆனா சீலை கட்டின படம் எண்டதால ஊரில அதுக்கு மட்டும் 140 லைக்.

எனக்குப் பிடிச்ச பயணத்துக்கு ஆறு லைக். அது வால்ஸ். ஆஹனில இருந்து பஸ்ஸில அரை மணித்தியாலம், பிறகு காட்டு வழியா ஏறி நடக்க வேணும். மேல ஒரு கல்லு. ஜேர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூண்டும் அந்தக் கல்லில முட்டுது. நான் அதைச் சுத்தி மூண்டு தரம் நடந்தன். நடக்க நடக்க ஓமந்தைச் சோதனைச்சாவடிதான் ஞாபகம் வந்துது. எட்டு வயசில, சனத்தோட சனமா வரிசையில நிண்டது. இஞ்ச மூண்டு நாடு, ஒரு கயிறு கூடக் கட்டேல்லை. ஒரு சின்னப் பிள்ளை ஐஸ்கிறீமோட ஒரு நாட்டில இருந்து மற்ற நாட்டுக்குப் பாயுது. அந்தப் படத்துக்குக் கீழ ஒராள் எழுதினது: "கல்லுப் பாக்கவோ ஜேர்மனிக்குப் போனது?"

எங்கட ஒழுங்கையிலயே ஒரு பெடியன் லண்டனில படிக்கிறான். நல்ல பெடியன், அவனில எனக்குக் கோவமில்லை. அவன் கிழமைக்கு ஒரு கார்ப்படம் போடுறான், ஆற்ற காரெண்டு எனக்குத் தெரியாது. அவனுக்கு "கெட்டிக்காரன், முன்னேறிட்டான்." எனக்கு "பெட்டை கனக்க உலாத்துது போல." இந்த ரெண்டாவது வசனம், போன மாசம் எனக்குச் சம்பந்தம் பேச வந்த ஆக்கள் தரகரிட்டச் சொல்லி விட்டது. எனக்கு அந்தக் கலியாணம் தேவையில்லை, அது வேற கதை. ஆனா அம்மா ரெண்டு நாள் சரியாச் சாப்பிடேல்லை. முந்தநாள் இரவு எனக்குத் தலை இழுத்துக்கொண்டிருக்கேக்க, மெல்லமாத்தான் கேட்டா: "படம் போடாமல் விடன் பிள்ளை?"

அன்ரிமாருக்கு ஆயிரம் மறுமொழி வைச்சிருந்தனான். அம்மாவுக்கு ஒண்டும் வரேல்லை.

அம்மா, எங்கட வீட்டில ஒரு படம் இருக்கோ? 2009 தை மாதம் சண்டைக்குள்ள இஞ்சயிருந்து வெளிக்கிட்டு உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் எண்டு போனமே. அதுக்குப் பிறகு செட்டிகுளம் முகாம். உங்கட கலியாண அல்பம் உடையார்கட்டில பங்கருக்குள்ள. என்ர முதலாம் பிறந்தநாள் படமும் அதுக்குள்ளதான் இருந்ததெண்டு நீங்கள்தான் சொன்னது. எட்டு வயசுக்கு முந்தி நான் எப்பிடி இருந்தனான் எண்டு எனக்குத் தெரியாது. முன்பல்லு ரெண்டும் விலகி இருந்ததாம், அதுவும் நீங்கள் சொல்லித்தான். எனக்கெண்டு இருக்கிற முதல் படம் மீள்குடியேறின பிறகு பள்ளிக்கூடத்தில எடுத்தது, அதில நான் ஆற்றையோ சேட்டுப் போட்டுக்கொண்டு நிக்கிறன். அதால நான் எடுப்பன் அம்மா. கல்லையும் எடுப்பன், மூத்திரம் பெய்யிற பொடியனையும் எடுப்பன். போனில மட்டும் வைச்சிருந்தால் போன் துலைஞ்சிடும், அதால போடுவன்.

வாற சனிக்கிழமை விடிய பிளேன். பாசல் தாற ஆக்கள் வியாழக்கிழமைக்குள்ள கொண்டுவந்து தாங்கோ. ஆளுக்கு ஒரு கிலோ, அதுக்கு மேல ஒரு கிராமும் ஏத்த மாட்டன். இடியப்ப உரல் கொண்டுவந்தால் வாசலோட திருப்பி அனுப்புவன். மிளகாய்த்தூள் எண்டால் மூண்டு பைக்குள்ள போட்டு, நல்லா ரேப் சுத்தி, என்ர கண்ணுக்கு முன்னால நிறுத்துக் காட்டிப்போட்டுத் தாங்கோ. முக்கியமா நீங்கள், வெங்காய அன்ரி.